யாழ்த்தீவின் துபாய் டேப்

ஜெகதீசனுக்குக் காது கேட்காது. அவன் வீட்டு அலமாரி நிறைய இருப்பதோ ஒரே ஒரு பாட்டுப் படத்தின் விதவிதமான பிரதிகள். செங்கல்பட்டில் இதைக் கேள்விப்பட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. அவன் மனைவி திவ்யாவே கல்யாணமான புதிதில் சிரித்தவள்தான்.

படத்தின் பெயர் ‘யாழ்த்தீவு’. கறுப்பு வெள்ளை. வசனத்தைவிடப் பாட்டு அதிகம். தீவுக் கோட்டையைக் கட்டிய கொத்தனின் மகனை அதே கோட்டையில் ராஜா சிறைவைக்கிறான். அவன் பாடிப் பாடியே காவலாளியையும், இளவரசியையும், கடைசியில் ஊரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை. ஜெகதீசன் சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் அதைப் பார்த்தான். கோயில் திருவிழாவுக்குக் கட்டிய ஸ்பீக்கரில் அந்தப் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டான். ஆறாவது படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தான், இரண்டு காதும் போயின.

அதற்குப் பிறகு வந்த எந்தப் பாட்டும் அவனுக்குத் தெரியாது. யாழ்த்தீவின் பாட்டுகள் மட்டும் உள்ளே அப்படியே தங்கிவிட்டன. திரையில் கதாநாயகன் வாயைத் திறந்தால் போதும், தலைக்குள் பாட்டு ஓடத் தொடங்கிவிடும். உதடு தெளிவாகத் தெரிந்தால் பாட்டும் தெளிவாகக் கேட்கும். படம் மங்கினால் பாட்டும் மங்கும். இதை அவன் ஒருநாள் விளக்கிச் சொன்னபோது திவ்யா சிரிப்பதை நிறுத்தினாள். அப்புறம் பழைய சிடிக் குவியல்களைப் புரட்டுவதில் அவனைவிட அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள்.

ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு குறை இருந்தது. முதலில் வாங்கிய விசிடியில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. முதல் சிடி ஒரு பாட்டின் நடுவிலேயே முடிந்தது. அடுத்து வந்த டிவிடியில், அகலத்திரைக்குப் பொருத்துகிறேன் என்று மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். நெருக்கத்தில் காட்டும்போதெல்லாம் கதாநாயகனுக்கு மோவாய் இல்லை. வண்ணம் பூசிய பதிப்பு ஒன்று உண்டு. அதில் உதட்டுச் சிவப்பு உதட்டுக்குப் பின்னால் தாமதமாக ஓடி வந்தது. ‘மூன்று படம் ஒரே டிவிடி’யில் பாதிப் பாட்டுகள் காணோம். சிங்கப்பூர் டிவியிலிருந்து யாரோ பதிவுசெய்த டேப்பில் பாட்டுகள் இருந்தன. ஆனால் மலாய் எழுத்துகள் வாய்மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தன. இத்தனை குறையோடும் அவன் அவற்றை நேசித்தான். எந்தப் பாட்டை எந்தப் பிரதியில் பார்ப்பது என்று அவனுக்குத் தனிக் கணக்கு இருந்தது.

பகலில் அவன் ராட்டினங்கிணறு பக்கம் பல் லேப் ஒன்றில் வேலை செய்தான். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்வது அவன் தொழில். வாய் எப்படி மூடும், உதடு எங்கே ஒட்டும் என்பதெல்லாம் அவனுக்கு இரண்டு வழியாகவும் பழக்கம்: வேலையிலும், எதிரில் இருப்பவர் பேச்சைப் படிப்பதிலும்.

இந்தத் தேடலில் அவனுக்குத் துணை கோவளத்துத் தமீம். செல்போன் ரிப்பேர், கேமரா மாட்டுவது என்று கடை வைத்திருப்பவன். அவன் அப்பா காலத்தில் அது வீடியோ லைப்ரரி. அதனால் ஓடக்கூடிய விசிஆர் ஒன்று இன்னும் அந்தக் கடையில் இருந்தது. தமீமுக்குப் பழைய பாட்டு என்றால் உயிர். ஜெகதீசனிடம் பேசும்போது என்ன வேலையாக இருந்தாலும் நிமிர்ந்து முகத்தைக் காட்டித்தான் பேசுவான்.

போன வருஷம் மார்கழியில் தமீமிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: “மச்சான், ஞாயித்துக்கிழமை வா. ஒரு ஐட்டம் கீது.”

ஜெகதீசன் போனபோது தமீம் மேஜைமேல் ஒரு வீடியோ டேப்பைத் திறந்து வைத்திருந்தான். மேலட்டையில் அரபி எழுத்தும் தமிழ் எழுத்தும் கலந்து யாழ்த்தீவு என்று போட்டிருந்தது. அந்தக் காலத்தில் துபாயில் விற்ற டேப்.

“எங்க தெருவுல ருக்ஸார்னு ஒரு பொண்ணு. வூட்டை இடிச்சிக் கட்டறாங்க. அவங்க அத்தா துபாய்லேர்ந்து கொண்டாந்தது பரண்ல கெடந்துச்சாம். ஒரே பூஞ்சை. மூணு நாளா தொடச்சிகினு இருந்தேன்” என்றான் தமீம். “ஒரு தபா ஓடும் மச்சான். அடுத்த தபாக்கு கேரண்டி இல்ல. ஓடும்போதே கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்.”

டேப் சுற்றத் தொடங்கியது. முதலில் கோடுகள். பிறகு படம் நிலைத்தது. வெட்டாத படம். மேலே கோட்டையின் உச்சி, கீழே ஆட்களின் கால்கள், எல்லாம் இருந்தன. எந்த எழுத்தும் குறுக்கே இல்லை. மற்ற பிரதிகளில் கம்பெனிக்காரர்கள் தங்கள் முத்திரையைப் போட்டு மறைத்துவிட்ட தொடக்கப் பெயர்களும் இதில் முழுசாக ஓடின. ஜெகதீசன் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். அடுத்த மூன்று மணி நேரத்தில் தமீம் இரண்டு முறை கொடுத்த டீயும் ஆறிப்போனது.

சிறைப்பாட்டு வந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதாநாயகன் பாடும் பாட்டு. தமிழ்நாட்டில் அது தெரியாதவர்கள் இல்லை என்று தமீம் சொல்வான்:

கோட்டை பொன்னாகும், கொடியும் மேலாகும்,
பாட்டு மட்டும் பாரில் நின்று வாழும்.

முகம் திரை முழுவதும் நிறைந்தது. ஜெகதீசனுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியில் சட்டென்று இடறியது, கல் தடுக்கினதைப் போல.

படம் முடிகிறவரை பொறுத்திருந்தான். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்று தமீம் கட்டைவிரலைக் காட்டியதும் கேட்டான்.

“இதுல பாட்டு வேறயா?”

“இன்னா வேற? அதே பாட்டுதான்.”

“கோட்டைன்னதுக்கு அப்புறம் உனக்கு இன்னா கேக்குது?”

“பொன்னாகும். எப்பவும் அதானே.”

“அவன் அதப் பாடல” என்றான் ஜெகதீசன்.

தமீம் புரியாமல் பார்த்தான். ஜெகதீசன் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். “பொன்னுன்னு சொல்லிப் பாரு. உதடு ஒட்டி, அப்புறம் குவியும். இவனுக்கு ஒட்டுது, ஆனா குவியல. நல்லா தொறக்குது. மேலாகும்னு சொல்லு. கொடியும்-ல ஒட்டின உதடு மே-க்கு விரியணும். இவனுக்கு விரியவே இல்ல. குவியுது.”

தமீம் செல்போன் கேமராவில் தன் வாயைப் பார்த்துக்கொண்டே பல தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த வரியை மட்டும் கேட்டான். மறுபடி கேட்டான். ஹெட்போனைக் கழற்றியபோது அவன் முகம் மாறியிருந்தது.

“மச்சான், பாட்டு பூரா பின்னாடி தம்புரா ஓடுது. இந்த ரெண்டு சொல்லுல மட்டும் நின்னுபோவுது. எத்தினி வருசமா கேட்டுகினு கீறேன், தெரியவே இல்ல. மொதல்ல வேற பாடி, அத்த வெச்சி ஷூட்டிங் எடுத்துட்டு, அப்புறம் இந்த ரெண்டு சொல்ல மட்டும் மாத்திப் பாடி ஒட்டிக்கீறாங்க.”

“அப்ப மொதல்ல இன்னா இருந்துச்சு?”

அதுதான் கேள்வி. உதட்டைப் படிப்பவனுக்குச் சில எழுத்துகள் இரட்டைப் பிள்ளைகள். ‘ம’வும் ‘ப’வும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். உதடு ஒட்டித் திறந்தால் அது மண்ணாகுமாகவும் இருக்கலாம், பண்ணாகுமாகவும் இருக்கலாம். இரண்டாவது சொல் இன்னும் மோசம். தூளாகும், நூலாகும் இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் குவியும்.

வீட்டுக்கு வந்து திவ்யாவிடம் சொன்னான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கத்தியை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“பாட்டு மட்டும் நிக்கும்னா, மத்ததெல்லாம் நிக்காதுன்னுதானே அர்த்தம்? கோட்டை பொன்னாச்சின்னா அதுவுந்தான் நிக்கும். அப்புறம் ‘மட்டும்’னு எதுக்கு? மண்ணுதான்.”

ஜெகதீசன் அவளையே பார்த்தான். ஊரே பாடிய பாட்டில் அந்தச் சின்னச் சொல் உட்கார்ந்திருந்தது. யாரும் அதை ஏன் என்று கேட்டதில்லை.

தமீமிடம் சொன்னபோது அவனும் ஒப்புக்கொண்டான். “பூஜை போட்டு எடுக்கற படத்துல மண்ணாகும்னு வந்தா எந்த மொதலாளி வுடுவான்? சகுனம் பாத்து பொன்னுன்னு மாத்திட்டுக்கீறான்.” ஆனால் கொடி தூளானதா, நூலானதா என்பதில் மூன்று பேருக்கும் முடிவு வரவில்லை. தூள்தான் கோட்டைக்கும் மண்ணுக்கும் பொருந்துகிறது என்றான் தமீம். திவ்யாவும் அதையே சொன்னாள். ஜெகதீசனுக்கு மனம் ஒப்பவில்லை, காரணமும் தெரியவில்லை.

துபாய் டேப்பின் தொடக்கப் பெயர்களை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். பாடல்கள் என்பதன் கீழே பிரபலமான ஒருவர் பெயர். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர், வேறு எந்தப் பிரதியிலும் இல்லாதது: சதுரங்கப்பட்டினம் பஷீருதீன்.

“நம்ம சதுரங்கப்பட்டினமா?” என்றாள் திவ்யா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனார்கள். கடைத்தெருவில் பள்ளிவாசல் அருகே விசாரித்தார்கள். பாட்டுக்கார பஷீர் இறந்து வெகுகாலம் ஆகிறது, மகள் ஷரீபுன்னிசா இருக்கிறார் என்றார்கள். ரவிக்கைத் துணி, லைனிங், லேஸ், தையல் நூல் விற்கும் கடை அவருடையது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று ஒரு பெண்ணுக்கு ஜரிகை அளந்துகொண்டிருந்தார். வந்த காரியத்தைத் தமீம் சொன்னதும் அளந்த கை நின்றது.

“சிறைப்பாட்டா?” என்றார். “அது அத்தா எழுதினது. படத்துல நாலு பாட்டு அவருதுதான். வெளியில சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. டிவியில பேரே வராது.”

தமீம் லேப்டாப்பைத் திறந்து பெயர் வரும் இடத்தைக் காட்டினான். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து படித்தார். விரலால் திரையைத் தொட்டார்.

“இந்தப் பேரைப் பாத்ததே இல்லியேப்பா நானு.”

ஜெகதீசன் பேசினான். அவன் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் கொஞ்சம் உரக்க வரும், புதியவர்கள் திடுக்கிடுவார்கள். ஷரீபுன்னிசா திடுக்கிடவில்லை. “அம்மா, உங்க அத்தா அந்தக் கோட்டை வரியைப் பத்தி எதாவது சொல்வாரா?”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “ரேடியோவுல அந்தப் பாட்டு வந்தா அத்தா எழுந்து போவாரு. சரியா அந்த எடத்துல சத்தத்தைக் கொறைப்பாரு. அது போனதும் ஏத்துவாரு. ஏன் அத்தான்னு கேட்டா, அது என்னுது இல்லம்மான்னுவாரு. அவ்ளோதான். அவருக்கு எழுதி வெக்கற பழக்கமும் இல்ல. கடலோரமா நடந்துகினே பாடி, மனசுல வெச்சிகினு போயி அங்க சொல்லுவாரு.”

ஜெகதீசன் அந்த இடத்தை ஒலியில்லாமல் ஓடவிட்டான். மெதுவாக, மறுபடியும் மெதுவாக. பொன்னுக்கும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தன் வாயாலேயே சொல்லிக் காட்டினான். ஷரீபுன்னிசா திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதடுகள் தாமாக அசைந்தன.

“மண்ணாகும்” என்றார். “ஆமாம். இந்த ஊரு டச்சுக்காரன் கோட்டை இடிஞ்சி கெடக்கறதப் பாத்து வளந்தவரு, வேற இன்னா எழுதுவாரு?”

“அடுத்ததுதாம்மா தெரியல” என்றாள் திவ்யா. “கொடி தூளாகுமா, நூலாகுமா?”

ஷரீபுன்னிசா யோசிக்கவே இல்லை. “கொடின்னா துணிதானேம்மா? துணி எங்கயாவது தூளாவுமா? நைஞ்சா நூல் நூலாத்தான் பிரியும். அத்தா சினிமாவுக்குப் போறதுக்கு முந்தி துணி மூட்டை தூக்கினு ஊர் ஊரா வித்தவரு. நூலாகும்னுதான் போட்டிருப்பாரு.”

பிறகு, கடையில் நின்ற பெண் ஜரிகையைக் கையில் பிடித்தபடியே கேட்க, அவர் பாடினார். பெரிய குரல் இல்லை.

கோட்டை மண்ணாகும், கொடியும் நூலாகும்,
பாட்டு மட்டும் பாரில் நின்று வாழும்.

ஜெகதீசன் அவர் உதட்டைப் பார்த்தான், திரையில் நிறுத்தியிருந்த உதட்டைப் பார்த்தான். ஒட்டியது, திறந்தது, குவிந்தது. எங்கும் இடறவில்லை. ஷரீபுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தார்.

“இந்தப் பாட்ட எத்தினியோ பேரு கேட்டாங்க தம்பி. நீதான் பாத்திருக்கே.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெகதீசன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்குள் பழைய பாடகரின் குரல் இப்போது மண்ணாகும் என்று பாடியது. யாரும் கேட்டிராத அந்தப் பாட்டு அவனுக்கு மட்டும், தம்புராவோடு, முழுசாகக் கேட்டது. திவ்யா தோளைத் தட்டி என்ன என்று கேட்டாள். சிரித்தான்.

அதற்குப் பிறகு மூவரும் சில மாதங்கள் உட்கார்ந்து துபாய் டேப்பின் பிரதிக்கு எல்லாப் பாட்டுக்கும் தமிழில் எழுத்து போட்டார்கள். தமீம் கேட்டுச் சொன்னான், திவ்யா டைப் அடித்தாள், ஜெகதீசன் எந்த உதட்டசைவில் எந்தச் சொல் தோன்ற வேண்டும் என்று பார்த்துப் பொருத்தினான். எழுத்துகளை வாய்மேல் ஏறவிடாமல் தள்ளி வைத்தான். சிறைப்பாட்டில் அந்த வரிக்கு பஷீருதீனின் சொற்களைப் போட்டார்கள். ஒலியில் கை வைக்கவில்லை. ‘பாடல்கள்’ என்பதன் கீழே இருந்த சின்ன எழுத்துப் பெயரின்மேல் படத்தைச் சற்று நேரம் நிற்கவைத்தார்கள்.

முதல் பிரதி ஷரீபுன்னிசாவுக்குப் போனது. பெருநாளன்று மதியம் ஜெகதீசனின் போனுக்கு அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவனுக்குக் காது கேட்காது என்பதை அவசரத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது. திவ்யா வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். பின்னால் டிவியில் படம் ஓடுகிறது என்றாள். பாடகர் பொன்னாகும் என்கிறார். அவர் குரலுக்கும் மேலே ஒரு வீடு நிறையப் பேர், சின்னவர்களும் பெரியவர்களும், மண்ணாகும் என்று பாடுகிறார்கள்.

“யார் யாரு பாடறாங்க?” என்று கேட்டான் ஜெகதீசன்.

“தெரியல. நெறைய பேரு” என்றாள் திவ்யா. “ஒருத்தருக்கும் சுருதி சேரல. சத்தமா பாடறாங்க.”

அவள் அந்த வரியை அவன் முகத்துக்கு நேராக மெதுவாகப் பாடிக் காட்டினாள்.