சூடானால் பிடிக்கும் பிரேக்

என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு குறை சொன்னால் நான் அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பேன். தும்மினால் நிமோனியா என்பார். பல் வலித்தால் உயில் எழுதட்டுமா என்பார். அப்படிப்பட்ட மனிதர் போன வாரம் என் பட்டறைக்கு பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மச்சான், முன் பிரேக் விட மாட்டேங்குது. கொஞ்ச தூரம் போனா யாரோ பின்னால இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

"உங்க தொப்பையா இருக்கும் மாப்ள."

எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினேன். ஒரு சுண்டு சுண்டினேன். விர்ரென்று சுற்றியது. இருந்தாலும் கடமைக்கு, சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றித் துடைத்து மாட்டி அனுப்பினேன்.

இன்று காலை மறுபடியும் வந்து நின்றார். அவர் வீடு அடுத்த தெருவில்தான். அதனால் வண்டி என்னிடம் வரும்போதெல்லாம் குளிர்ந்தே இருக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் கண் முன்னாலேயே சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். மறுபடியும் விர்ரென்றுதான் சுற்றியது.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்களேன் மச்சான்."

"எனக்கு வேற வேலை இல்லையா? வண்டிக்கு ஒண்ணும் இல்ல. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பதினோரு மணிக்கு வாத்தியார் ஒருவர் வந்தார், பட்டறைக்கு வாடிக்கையாக வருகிறவர். அவரும் அதே குறையைத்தான் சொன்னார், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். வாத்தியாரிடம் தொப்பை கிப்பை என்று பேச முடியுமா? கையைத் துடைத்துக்கொண்டு, "இதோ சார், ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்று மரியாதையாகக் கிளம்பினேன்.

முதல் சிக்னல் வரை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது சிக்னலில் வண்டி முனகியது. ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக வேகம் குறைந்தது. பிரேக்கை நான் தொடவே இல்லை. திரும்பி வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

மரக்கட்டையில் ஏற்றிச் சக்கரத்தை இரண்டு கையாலும் திருகினேன். அசையவில்லை. காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளை அரைச் சுற்று தளர்த்தினேன். பிரேக் ஆயில் சூடாகப் பீய்ச்சி அடித்தது. சக்கரம் உடனே விட்டுவிட்டது.

அப்படியென்றால் கோளாறு கீழே இல்லை. மேலே, கைப்பிடிப் பக்கம். ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டிருக்கிறது.

லீவரைக் கழற்றிப் பார்த்தேன். லீவரை விட்டதும் உள்ளே இருக்கும் சின்ன பிஸ்டன் முழுசாகப் பின்னால் வர வேண்டும். வந்தால்தான் ஆயில் மேலே திரும்பும் துளை திறக்கும். இந்த லீவரின் மூக்கு ஒரு நகக்கனம் கூடுதலாக இருந்தது. பிஸ்டனைச் சும்மாவே அழுத்திக்கொண்டிருந்தது. ஓட ஓட ஆயில் சூடாகி உப்பும். போக்கிடம் இல்லாமல் பிரேக்கை அழுத்தும். அழுத்த அழுத்த இன்னும் சூடாகும். கடைசியில் சக்கரமே பூட்டிக்கொள்ளும். நிறுத்தி ஆறவிட்டால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி விர்ரென்று சுற்றும்.

"இந்த மட்டமான லீவரை எங்க சார் வாங்கினீங்க?" என்றேன் எரிச்சலாக.

"நீங்கதானே போன மாசம் மாட்டி விட்டீங்க?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஒரே கடையில் இரண்டு லீவர் வாங்கினேன். ஒன்று இவருக்கு. இன்னொன்றைக் கல்யாண நாளுக்கு என்று மாப்பிள்ளை வண்டியில் நானே, என் கையாலேயே மாட்டினேன்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. வாத்தியாரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன். மாப்பிள்ளை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"மாப்ள, வண்டியைத் தொடாதீங்க! எங்க அது?"

"உங்க தங்கச்சி எடுத்துட்டுப் போயிட்டா மச்சான். அவ ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகல. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்னு சாவியைப் பிடுங்கிட்டா."

தங்கச்சிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே போக மேடு ஏறி, பிறகு நீண்ட சரிவில் இறங்க வேண்டும். சரிவில் பிரேக் போடாமல் யாராலும் இறங்க முடியாது.

அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் வண்டியில் இருவரும் கிளம்பினோம். எதற்கெடுத்தாலும் புலம்புகிற மனிதர் பின்னால் உட்கார்ந்து அவள் நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மேடு முழுக்க ஒரே வேண்டுதல்தான் எனக்கு, வண்டி வழியில் எங்காவது நின்று போயிருக்க வேண்டும் என்று.

சரிவின் இரண்டாவது வளைவில் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். பைக் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளைத் தேடுவதற்கு முன்னால் என் கண் முன் சக்கரத்துக்குத்தான் போனது. டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. தாரில் ரப்பர் தேய்ந்த கறுப்புக் கோடு ஒன்று சுவர் வரை போயிருந்தது.

அவள் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது. இடது கையை மடியில் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. மாப்பிள்ளை ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டார். ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று என்று யாரோ சொன்னார்கள். நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"மேட்டு மேலயே கருகல் வாடை அடிச்சுது அண்ணே" என்றாள். "வண்டியும் இழுத்துச்சு. ஓரங்கட்டிடலாம்னுதான் நெனச்சேன்."

"கட்டியிருக்கலாமேம்மா. ஏன் கட்டல?"

"நீங்க பாத்த வண்டியாச்சேன்னு வந்துட்டேன்."