டாக்குல பூட்டின லேப்டாப்

எனக்குக் கோவம் வந்தா அடக்கத் தெரியாது. இதை முதல்லயே சொல்லிடுறேன். பின்னாடி, ஒரு பொம்பளை இப்படியா பண்ணுவான்னு யாரும் கேக்கக் கூடாது பாருங்க.

அன்னைக்குக் காலையில மணி பத்து பத்து. டெல்லி துவாரகாவுல எங்க ஃப்ளாட்டு மூணாவது மாடி. பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருந்தா. நான் காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, கால்ல பெடலை மிதிச்சுக்கிட்டு, அமெரிக்காவுல ஒரு டாக்டர் மூக்கால பேசுறதைக் கேட்டு டைப் அடிச்சுக்கிட்டு இருந்தேன். அதுதான் என் வேலை. அங்க ஆபரேஷன் பண்ற டாக்டருங்க என்ன பண்ணோம்னு வாயால சொல்லிப் பதிவு பண்ணிருவாங்க. நொய்டாவுல ஒரு கம்பெனி அதை வாங்கி எங்களை மாதிரி வீட்டுல இருக்கிறவங்களுக்கு அனுப்பும். பெடலை மிதிச்சா பேச்சு ஓடும். காலை எடுத்தா நிக்கும். குதிங்காலால அமுக்கினா பின்னாடி போகும். ரெண்டு கையும் டைப் அடிக்க ஓய்வா இருக்கும்.

அன்னைக்கு வந்தது ஒரு இருதய ஆபரேஷன். முப்பத்தோரு நிமிஷப் பேச்சு. பதினொன்றரைக்குள்ள முடிச்சு அனுப்பணும். ஏற்கெனவே ரெண்டு ஃபைல் லேட்டாக்கி ரெண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தேன். மூணாவது லேட்டுன்னா வேலை காலி. டீம் லீடர் ருக்மிணி மேடம் முதல் நாள்தான் போன் பண்ணி, "மதுமதி, உனக்காக நான் பேசிப் பாத்துட்டேன், இனிமே என் கையில ஒண்ணும் இல்லம்மா"ன்னாங்க.

அந்த ரெண்டு லேட்டும் என் தப்பே இல்ல, எங்க பழைய கம்ப்யூட்டர் பண்ணின கூத்து. தொண்ணூத்தெட்டுல நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில பார்ட் பார்ட்டா வாங்கிச் சேத்தது. ஏழு வருஷத்துல கிழடு தட்டிப் போச்சு. ஸ்விட்சைப் போட்டுட்டு சட்னி அரைச்சுத் தாளிச்சுட்டு வந்தாலும் இன்னும் கொர்ருனு முனகிக்கிட்டுதான் இருக்கும். ரெண்டு தடவை பாதி ஃபைல்ல அப்படியே நின்னு போய், அடிச்சதெல்லாம் போச்சு. நான் உக்காந்து அழுதேன்.

அப்பத்தான் என் வீட்டுக்காரர் லட்சுமணன் ஒரு யோசனை சொன்னாரு. இவரு ஏர்போர்ட்ல சரக்கு ஏத்தி இறக்குற ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். ஷிஃப்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு. "ரெண்டு பேருக்கும் ஒரே லேப்டாப் வாங்கிருவோம். கூடவே ஒரு டாக்கு. வீட்டுல அதுமேல உக்கார வெச்சா உனக்குக் கம்ப்யூட்டர், கழட்டினா எனக்கு லேப்டாப்"னாரு. டாக்குன்னா ஒண்ணும் இல்ல, மேஜைமேல தட்டையா கிடக்கிற ஒரு பெட்டி. மானிட்டர், கீபோர்டு, கரண்ட் வயர் எல்லாம் அதுல சொருகி இருக்கும். லேப்டாப்பை மேல வெச்சு அழுத்தினா டக்குனு உக்காந்துக்கும். எனக்கு அது இல்லாம முடியாது, ஏன்னா என் பெடலோட பின்னு பழைய மாடல். லேப்டாப்புல அதுக்கு ஓட்டையே கிடையாது, டாக்குலதான் இருக்கு. பெடலைக் கூடையில போட்டுக்கிட்டு நேரு பிளேஸ்ல கடை கடையா ஏறி எறங்கினேன். ஒரு கடைக்காரப் பையன், "தையல் மெஷின் இங்க ரிப்பேர் பண்றதில்ல மேடம்"னு சிரிச்சான். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு, செகண்ட் ஹாண்டுல ரெண்டும் வாங்கினோம். என் சம்பளமும் அதுல பாதி.

வாங்கும்போதே ஒப்பந்தம் பேசியாச்சு. தினமும் பன்னிரண்டரை வரைக்கும் லேப்டாப் டாக்குல, என்கிட்ட. அதுக்கப்புறம் இவரு பையில. "அச்சா, அச்சா, பக்கா"ன்னு தலையைத் தலையை ஆட்டினாரு.

அந்தத் தலைதான் அன்னைக்குக் காலையில குளிச்ச ஈரத்தோட வந்து என் முன்னாடி நின்னுச்சு. கையில மொபைல், அதுல இப்பத்தான் அவரோட மேனேஜர் பேசி முடிச்சிருந்தாரு. ஹெட்ஃபோனை ஒரு காதுல இருந்து தூக்கினேன்.

"மது, மல்ஹோத்ரா சார் பேசினாரு. வெளிநாட்டு ஏர்லைன்ஸ்காரங்க இன்னைக்கே வந்துட்டாங்களாம். பன்னெண்டு மணிக்கு ஓட்டல்ல மீட்டிங். படம் போட்டுக் காட்டணும், லேப்டாப் வேணும். பத்தேமுக்காலுக்குக் கார் வருது."

"அதுக்கு?"

"அதுக்குன்னா? லேப்டாப் வேணும்னு சொல்றேன்ல."

"பன்னிரண்டரை."

"ஏய், வெளையாடாத. ஆபீஸ்ல வேற யார்கிட்டயும் லேப்டாப் கிடையாது."

"உங்க படத்தை சிடியில போட்டுத் தர்றேன். அஞ்சு நிமிஷம்."

"சிடியை வெச்சுக்கிட்டு என்ன, தட்டுல வெச்சு நீட்டவா? புரொஜக்டர்ல மாட்ட மிஷின் வேணும்டி."

"எனக்கு இன்னும் பதினாலு நிமிஷப் பேச்சு பாக்கி இருக்கு. பதினொன்றரைக்கு அனுப்பலேன்னா வேலை போயிரும். உங்களுக்குத் தெரியும்."

"உன் மேடத்துக்கு ஒரு போன் போடு, சமாளி."

சமாளியாம்! எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. பி.எஸ்சி. ஜுவாலஜி முடிச்சுட்டு மதுரையில இருந்து ரயிலேறி வந்தவ நான். ஆறு வருஷம் இந்த ஊருல லட்சுமணன் பொண்டாட்டியா மட்டும்தான் இருந்தேன். காய்க்காரன்கிட்ட இந்தி பேசப் பயந்து, கையைக் காட்டிக் காட்டி வாங்குவேன். இந்த வேலை கிடைச்ச மூணு வருஷமாத்தான், ராத்திரி படுக்கும்போது இன்னைக்கு என்ன பண்ணேன்னு கேட்டா எனக்கே ஒரு பதில் இருக்கு. அதைப் போய் சமாளின்னா எப்படி இருக்கும்?

இவரு டாக்குல இருக்கிற கழட்டுற பட்டனை நோக்கிக் கையை நீட்டினாரு. அதை அமுக்கினா லேப்டாப் மேல வந்துரும், பெடல் செத்துரும். டாக்கு பக்கத்துல ஒரு சின்னப் பூட்டு உண்டு, திருட்டுக்குப் பயந்து வெச்சது. சாவி அதுலயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் முந்திக்கிட்டேன். சாவியைத் திருகி எடுத்து, தாலிச் செயின்ல எப்பவும் கெடக்கிற ஊக்குல கோத்து மாட்டிட்டு, மறுபடி ஹெட்ஃபோனைப் போட்டுக்கிட்டேன்.

இவரு நீட்டின கையை மடக்கிக்கிட்டு சாவியையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாரு. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்துல இப்படி நான் ஒண்ணும் பண்ணது கிடையாது. ரெண்டு வரி தப்பா அடிச்சேன். ஆனா காலை மட்டும் எடுக்கல.

பத்தே முக்காலுக்குக் கீழ கார் ஹாரன் அடிச்சுச்சு. இவரு டை கட்டிக்கிட்டு, ஷூவைப் போட்டுக்கிட்டு ஹால்ல குறுக்கும் நெடுக்குமா நடந்தாரு. "குடுடி", "மது, குடு", "உனக்கு என்ன பைத்தியமா", "சரி, ப்ளீஸ்"னு ஒவ்வொண்ணா வந்துச்சு. நான் நிமிந்து பாக்கல. இன்னும் ஏழு நிமிஷப் பேச்சு இருந்துச்சு.

பத்து அம்பதுக்குக் கரண்டு போச்சு.

மே மாசம் டெல்லியில கரண்டு போறது ஒண்ணும் புதுசில்ல. ஃபேன் நின்னுச்சு, மானிட்டர் அணைஞ்சுச்சு. லேப்டாப்புல பேட்டரி இருக்கே, ஓடும்னு மூடியைத் திறந்தேன். ஓடிச்சு. பெடலை மிதிச்சேன், ஒண்ணும் இல்ல. டாக்குக்குக் கரண்டு இல்லேன்னா பெடல் வேலை செய்யாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பழைய யூ.பி.எஸ்ஸைக் கம்ப்யூட்டரோட சேத்து எக்ஸ்சேஞ்சுல தள்ளிவிட்டுட்டோம். லேப்டாப்புல பேட்டரி இருக்கும்போது யூ.பி.எஸ் எதுக்குன்னு இவரு கேட்டாரு, நானும் ஆமான்னேன். ரெண்டு பேருக்கும் அந்த அறிவுதான். அப்பார்ட்மெண்ட் சொசைட்டி ஜெனரேட்டரோ லிஃப்டுக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் மட்டும்தான் ஓடும்.

ஹெட்ஃபோனை லேப்டாப்புலயே சொருகினேன். பேச்சை ஓட்ட ஒரு பட்டன், நிறுத்த ஒண்ணு, பின்னாடி போக ஒண்ணுன்னு மேல் வரிசையில இருக்கு. ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து அதை அமுக்கி, மறுபடி டைப் அடிச்சு, மறுபடி அமுக்கி... நாலு நிமிஷத்துல அரை நிமிஷப் பேச்சுதான் நகந்துச்சு. அந்த டாக்டர் வேற, வாயில எதையோ மென்னுக்கிட்டே பேசுறாரு. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துருச்சு. முடியாது, வேலை போச்சுன்னே நினைச்சேன்.

அப்ப பக்கத்துல நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. இவரு உக்காந்தாரு.

"எந்தப் பட்டன்?"

காட்டினேன்.

"நீ சொல்லு, நான் அமுக்குறேன். சீக்கிரம் முடிஞ்சு தொலையட்டும்."

அப்படித்தான் ஆரம்பிச்சோம். "ஓட்டு", "நிறுத்து", "பின்னாடி", "இன்னும் கொஞ்சம்", "ஓட்டு." முதல்ல தடுமாறினாரு. அப்புறம் என் விரல் நிக்கிறதைப் பாத்தே அவரா நிறுத்தினாரு, அவரா ஓட்டினாரு. நான் வாயே திறக்க வேண்டியதில்ல. வேர்வை ரெண்டு பேருக்கும் வழிஞ்சுச்சு. டையோட நுனி கீபோர்டுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு, தூக்கித் தோள்மேல போட்டுக்கிட்டாரு. நல்லா இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. அந்தக் கால் மணி நேரத்துல எனக்கு அவர்மேல இருந்த கோவம் பாதி போச்சு.

மணி பதினொண்ணு ஏழு. அவரோட மொபைல் அடிச்சுச்சு. இடது கையால எடுத்தாரு. வலது விரல் பட்டன்மேலயே இருந்துச்சு. மல்ஹோத்ரா கத்துறது என் ஹெட்ஃபோனைத் தாண்டிக் கேட்டுச்சு. டிரைவர் அரை மணி நேரமா கீழ நிக்கிறானாம், என்ன ஆச்சாம்.

"சார், சாரி சார்"னு இந்தியில ஆரம்பிச்சாரு. "வைஃபுக்குத் திடீர்னு உடம்பு சரியில்ல. தலை சுத்திக் கீழ விழுந்துட்டா. மயக்கமா இருந்தா சார், இப்பத்தான் கண்ணு முழிச்சா. பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அந்தப் பக்கம் குரல் அப்படியே பூனையா மாறிச்சு. அரே, அரே, முதல்ல அவங்களைக் கவனி, மீட்டிங்கை நான் அரை மணி தள்ளி வெக்கிறேன், டீ குடுத்து உக்கார வெக்கிறேன், நீ அவசரப்படாதன்னு சொல்லுது.

இவரு போனை வெச்சுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "பாத்தியா, எப்படி சமாளிச்சேன்! அரை மணி வாங்கிட்டேன். அடி, அடி."

நான் அடிச்சேன். பேசினா வேலை கெட்டுரும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அடிச்சேன். ஆனா உள்ள என்னமோ வலிச்சுச்சு. நான் மயங்கி விழுந்தா அரை மணி நேரம் கிடைக்குது. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் டீ குடிச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. நான் முழிச்சுக்கிட்டு உக்காந்து வேலை பாத்தா, சமாளி.

பதினொண்ணு இருபத்தொண்ணுக்குப் பேச்சு முடிஞ்சுது. மருந்து பேரெல்லாம் ஒரு தடவை சரி பாத்தேன். வீட்டு டெலிபோன் வயரைப் பிடுங்கி லேப்டாப்புல சொருகி, இண்டர்நெட்டுக்கு டயல் பண்ணேன். அது கீச்சு கீச்சுன்னு கத்தி முதல் தடவை அறுந்துச்சு. ரெண்டாவது தடவை சேந்துச்சு. பேட்டரி ஒன்பது சதவீதம். ஃபைல் போறதைக் காட்டுற அந்தப் பச்சைக் கோடு நகரவே மாட்டேங்குது.

பதினொண்ணு இருபத்தெட்டுக்கு, ஃபைல் கிடைச்சுதுன்னு கம்பெனியில இருந்து பதில் வந்துச்சு.

ஊக்கைத் திறந்து சாவியை எடுத்தேன். பூட்டைத் திறந்து, பட்டனை அமுக்கி, நானே லேப்டாப்பைக் கழட்டி அவர் கையில குடுத்தேன்.

"என்னங்க, ஒண்ணு கேக்குறேன். எனக்கு வேலை இருக்கு, முடிச்சதும் வர்றேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

பையில சொருகிக்கிட்டே தலையை ஆட்டினாரு. "அதைச் சொன்னா சிரிப்பானுங்க மது."

படிக்கட்டுல தடதடன்னு எறங்கிப் போனாரு. கார் கெளம்பினதும் நான் டெலிபோன் வயரைப் பழைய இடத்துல சொருகினேன். முகத்தைக் கழுவிட்டு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு, தரையில உக்காந்தேன். வேலை நிலைச்சுருச்சு. சந்தோஷம் வரணும்ல? வரல.

கொஞ்ச நேரத்துல போன் அடிச்சுச்சு. ருக்மிணி மேடம்னு நினைச்சு எடுத்தேன். ஆம்பளைக் குரல், இந்தியில அண்ணின்னு கூப்பிட்டுச்சு.

"பாபிஜி, நமஸ்தே. மல்ஹோத்ரா பேசுறேன். லட்சுமணன் கெளம்பியாச்சா? உங்க உடம்பு இப்ப எப்படி இருக்கு? டாக்டர்கிட்டப் போக இன்னொரு கார் அனுப்பட்டுமா?"

நல்ல மனுஷன்தான். அக்கறையாத்தான் கேட்டாரு. இப்ப பரவாயில்லை சார்னு ஒரு வார்த்தை போதும், எல்லாருக்கும் நிம்மதி. இன்னும் பத்து நிமிஷத்துல இவரு அந்த ஓட்டல்ல போய் நிக்கப் போறாரு, அவர் முன்னாடி. அதெல்லாம் எனக்குத் தெரியாம இல்ல.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார்"னேன். என் இந்தி தட்டுத்தடுமாறும், அன்னைக்கு ஒரு இடத்துலயும் தடுக்கல. "எனக்கு வேலை இருந்துச்சு. பதினொன்றரைக்கு முடிச்சுக் குடுக்கணும். லேப்டாப்பை நான்தான் பூட்டி வெச்சேன். அவர் மேல தப்பில்ல."

"வேலைன்னா, வீட்டு வேலையா?"ன்னாரு.

"இல்ல சார், சம்பளத்துக்குப் பாக்குற வேலை. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். மூணு வருஷமாப் பாக்குறேன்."

"மூணு வருஷமா?"ன்னாரு. சிரிக்கல. நெஜமாவே ஆச்சரியமாத்தான் கேட்டாரு. "லட்சுமணன் தினமும் என் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுறாரு பாபிஜி. ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே."