மச்சான் சொல்லாத ‘போ’

அணியில் எல்லோருக்கும் அவன் மச்சான்தான். சைக்கிள் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் தங்கை புருஷனுக்கு முன்னால் காற்றை மறைத்துக்கொண்டு மிதிப்பான். எல்லைக்கோடு நெருங்கி, புகுந்து போக வழியும் தெரிந்ததும் ‘போ’ என்று கத்துவான். மாப்பிள்ளை சீறிக்கொண்டு பாய்வான். இவன் ஓரங்கட்டி மூச்சு வாங்குவான். ஓர் எழுத்துக்கு இவ்வளவு சம்பளமா என்று மெக்கானிக் கேலி செய்வார்.

தங்கைக்கு அந்த எழுத்து ஆகவே ஆகாது. கடைக்குக் கிளம்புகிறவனைக்கூடப் ‘போயிட்டு வா’ என்றுதானே அனுப்புவோம், உனக்கு வாய் கூசவில்லையா என்று சண்டைக்கு வருவாள். அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வருகிறவன் பரிசு வாங்கிவிடுவான் என்று இவன் சமாளிப்பான். போன வருஷம் மாப்பிள்ளை கம்பித் தடுப்பில் மோதித் தோள் எலும்பை முறித்துக்கொண்ட பிறகு அவள் சண்டை போடுவதை விட்டுவிட்டாள். தடுப்பை ஒட்டித் திறந்த சந்துக்குள் அவனைப் ‘போ’ என்று அனுப்பியது இவன்தான். திட்டியிருந்தாலாவது தேவலை.

இன்று கடைசி நேர்சாலையில் நூறு பேர் முழங்கை உரசப் பறந்தார்கள். முன்னால் போன எதிரணிக்காரனுக்கும் வலப்பக்கத் தடுப்புக்கும் நடுவே ஒரு சந்து திறந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தால் ஓர் ஆள் நுழையலாம். மச்சான் வாயைத் திறந்தான். ‘போ’ வெளியே வரவில்லை. முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை காத்துக்கொண்டே வந்தான். அதற்குள் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் அதே சந்தில் அலட்டிக்கொள்ளாமல் புகுந்து ஜெயித்துவிட்டான். பாவி, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

பஸ்ஸில் மேலாளர் காட்டுக்கத்தலாகக் கத்திவிட்டு இறங்கிப் போனார். மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான்.

“சந்து தெரிஞ்சுதா மச்சான்?”

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. “தெரிஞ்சுது. நுழையலாம்னும் தெரிஞ்சுது.”

மாப்பிள்ளை கோபப்படவில்லை. அதுதான் வலித்தது. “நீ சொன்னா நான் யோசிக்காம போவேன். இனிமே நீ சொன்னாலும் யோசிப்பேன். அந்த வேகத்துல நான் தயங்கினா, பின்னாடி வர்றவங்க அத்தனை பேரும் என் மேலதான் விழுவாங்க.” ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: “நாளைக்கு வேற ஆள் முன்னாடி போகட்டும். நீ எனக்கு மச்சானா மட்டும் இரு.”

சரி என்றான். வேலை கைவிட்டுப் போனது சுருக்கென்று தைத்தது. ஆனால் கூடவே ‘அப்பாடா’ என்று ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்துத்தான் அவனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.