காட்டோர நிரை

கீழ் கோத்தகிரிச் சரிவிலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்களுள் ஒருத்தி மற்றொருத்தியின் சாக்கிலிருந்து இலையைத் திருடினால், அவளுக்குக் காட்டோர நிரையே கதி. நிரை என்பது ஒருத்தி பறித்துக்கொண்டே ஏறும் செடி வரிசை. காட்டோரத்தில் வெயில் விழாது, கொழுந்து குறைவு, கரடி உலவும். அவளுக்கு அடுத்த நிரையில் எவளும் நிற்க மாட்டாள். பறிகொடுத்தவளே மனமிரங்கி அந்த அடுத்த நிரையைக் கேட்டு வாங்கினால் மட்டுமே தண்டனை நீங்கும்.

மருதாயிக்கு அந்தத் தண்டனையை வாங்கித் தந்தவள் சசிரேகா.

ஆடி மாதத்தில் ஒரு நாள், மதிய நிறுவைக்கு முன், ஓடையில் முகம் கழுவித் திரும்பிய சசிரேகா, தன் சாக்கினுள் மருதாயியின் கை முழங்கை வரை புகுந்திருக்கக் கண்டாள். எடுத்தது ஒரு பிடி இலை, அவ்வளவே. ஆயினும் இருவரும் மணமாகி வந்த காலந்தொட்டு அடுத்தடுத்த நிரையில் நின்றவர்கள். ஒரே செடியின் இந்தப் பாதியை இவளும் அந்தப் பாதியை அவளும் பறித்தவர்கள். ஆகவேதான் சசிரேகாவுக்குச் சினம் தலைக்கேறியது. "இவளக் காட்டோரத்துக்கு அனுப்புங்க!" என்று மலை எதிரொலிக்கக் கத்தினாள். மருதாயி கையிலிருந்த இலையைச் சாக்கிலேயே போட்டுவிட்டு நடந்தாள்.

இப்போது ஐப்பசி. சசிரேகாவின் அடுத்த நிரைக்கு இந்துமதி வந்திருந்தாள். நல்ல பெண்தான், ஆனால் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டால் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேளாது. மருதாயியோ வாய் ஓயாதவள். சீரியல் மாமியாரைத் தன் மாமியாரோடு ஒப்பிட்டு, இருவருக்கும் தீர்ப்பும் சொல்லிவிடுவாள். சசிரேகாவின் மகள் நர்சிங் படிக்கக் கோயம்புத்தூருக்குப் போன அன்று, அழுதழுது இவளுக்குக் கை ஓடவில்லை. மருதாயி செடியின் இரு பாதியையும் தானே பறித்து, இவள் சாக்கையும் நிரப்பினாள். கொடுத்த கையும் எடுத்த கையும் ஒன்றே என்பதை சசிரேகாவால் செரிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மூடுபனி விலகும்போதெல்லாம் மேலே, காட்டை ஒட்டி, மருதாயியின் சிவப்புக் கம்பளித் தொப்பி தெரியும். பனி மீண்டும் மூடும்வரை சசிரேகா அதையே பார்த்து நிற்பாள். வந்து மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாளா என்று காத்திருந்தாள். தொப்பி கீழே இறங்கி வரவேயில்லை.

ஒரு நாள் மேலிருந்து தகர டப்பாவைத் தட்டும் ஓசை விடாமல் கேட்டது. கரடியை விரட்டும் ஓசை அது. கீழே நின்றவர்கள் கூட்டமாகச் சாலைக்கு ஓடினார்கள். மேலே ஒருத்தி தனியாகத் தட்டிக்கொண்டிருந்தாள். ஓசை நின்று, சிவப்புத் தொப்பி மறுபடி கண்ணில் படும்வரை சசிரேகாவுக்கு மூச்சு மூச்சாக இல்லை.

அன்று சாப்பாட்டு வேளையில், கூட்டத்தில் மூத்தவளான பேச்சியம்மாவிடம் அவள் மெல்லச் சொன்னாள்: "போதும்னு தோணுதுங்க அக்கா."

பேச்சியம்மா வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள். "எதுக்குப் போதும்? கம்பெனிகிட்ட எடுத்திருந்தா நானே கை தட்டியிருப்பேன். நம்மளாட்டம் வயித்துப்பாட்டுக்கு நிக்கறவகிட்ட எடுத்தாளே! ஒரு பிடி குறைஞ்சா நமக்குக் கூலி குறையும்ல?"

"அவளும் வயித்துப்பாட்டுக்கு நிக்கறவதானுங்களே? அவளப் போயி கரடிகிட்ட விட்டிருக்கோம்."

"அவ வாய்க்குக் கரடிதான் பயந்து ஓடோணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். சசிரேகா மட்டும் டிபன் டப்பாவை மூடினாள்.

மறுநாள், வேலைக்கு முன் எல்லோரும் கூடும் காலைப் பெரட்டில், மேஸ்திரி பாண்டியராஜ் நிரை பிரித்துக்கொண்டிருக்கும்போது, சசிரேகா முன்னே வந்தாள். "ஏனுங்க, எனக்குக் காட்டோரத்துக்கு அடுத்த நிரையக் குடுங்க."

"அங்க கொழுந்தே இல்லைங்கம்மா. உங்க எடை விழுந்துரும்."

"விழட்டுங்க."

"போ புள்ள, போ!" என்று பேச்சியம்மா பின்னாலிருந்து கூவினாள். "நாளைக்குச் சாக்கையே தூக்கிட்டுப் போவா. அப்ப எங்ககிட்ட வந்து மூக்கச் சிந்தாத!"

மேலே மருதாயி தலை நிமிரவில்லை. சசிரேகா அடுத்த நிரையில் நின்று பறிக்கத் தொடங்கினாள். பிறகு அவளே கேட்டாள்.

"எத்தனை நாளா எடுத்துட்டிருந்த?"

"எடை குறையற நாளெல்லாம்."

"வருசக்கணக்காவா?"

"ஆமா."

சசிரேகா பறிப்பதை நிறுத்தினாள். "அத்தனை பேர் இருக்காங்க. எங்கிட்ட மட்டும் ஏன்?"

"நீதான் சாக்கு வாயக் கட்ட மாட்ட. என்னைய நம்பினவ நீ ஒருத்திதான்."

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்ல?"

"தெரியும். உங்கிட்டக் கையேந்தறதுக்குத் திருடறதே தேவலைன்னு இருந்துச்சு."

இறங்கிப் போய்விடலாமா என்று சசிரேகா ஒரு கணம் எண்ணினாள். கீழே பனி அடைத்திருந்தது; கூட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் இடுப்பிலிருந்து கயிற்றை உருவி, தன் சாக்கின் வாயைச் சுருக்கிக் கட்டினாள்.

மருதாயி ஓரக்கண்ணால் பார்த்தாள். "அது ஒரு இழுப்புக்குத் தாங்காது. இன்னொரு முடிச்சு போடு. ஆள் யாருன்னு தெரிஞ்சும் இப்படியா கட்டுவாங்க?"

இத்தனை மாதம் ஏங்கிக் கிடந்தது இந்தக் குரலுக்குத்தான். சசிரேகா இரண்டாவது முடிச்சையும் இறுக்கிப் போட்டாள். பிறகு, செடியின் இந்தப் பாதியில் கை வைத்தாள்.