ஐந்து சென்டிமீட்டர்

3.38 என்பதை 3.43 என்று மாற்ற எனக்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை. எதிர் மேசையில் சார் யாரிடமோ மணல் மூட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க இடது கையால் அழுத்திப் பிடித்தபடி, வலது கையால் இரண்டு எண்களைத் தட்டினேன். டெய்லர் வீடு ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தது. இயற்பியல் படிக்கையில் ஒரு அளவீட்டையும் நான் திருத்தியதில்லை. ஊசல் தவறாக ஆடினாலும் ஆடியபடியே எழுதி, மதிப்பெண் குறைவாக வாங்கியிருக்கிறேன்.

கடல் ஏறினால் எந்த வீட்டுக்கு முதலில் தண்ணீர் வரும் என்று கணக்கெடுப்பதுதான் எங்கள் பேரிடர் அலுவலகத்தில் எனக்குத் தந்திருந்த ஒப்பந்த வேலை. இரண்டு மாதம் தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டு வாசற்படியும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்தேன். அந்த வரிசையில்தான் அழைப்புச் சங்கிலி. மிகத் தாழ்ந்த வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து போன் போகும். அவர்கள் கிளம்புவதற்கு முன் தங்களுக்கு அடுத்த உயரத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒரே ஒரு போன் செய்ய வேண்டும். அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்கு. இப்படி அறுபத்துநான்கு வீடுகள். பேச வேண்டியதையும் நாங்களே எழுதிக் கொடுத்திருந்தோம். கூப்பிடுகிறவர், "தண்ணி வருது, கிளம்புங்க" என்று சொல்ல வேண்டும். எடுக்கிறவர், வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லி, "கிளம்புறோம்" என்று முடிக்க வேண்டும். அழைப்பு வந்த நேரம், யாரிடமிருந்து வந்தது என்று குறிக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள்.

அக்கா வீடு 3.36. டெய்லர் வீடு 3.38. எங்கள் வீடு 3.41.

அக்கா அப்பாவை மீறி ஒரு மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு போய் நான்கு வருடம். போனது அதிக தூரமில்லை, இரண்டு தெரு தள்ளி. முதல் வருடம் மூன்று முறை வீட்டுக்குப் போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டதும் அப்பா வைத்துவிட்டார். நான்காவது முறை கூப்பிடவில்லை. அம்மா இருந்திருந்தால் நடுவில் நின்றிருப்பாள். நான் அப்படி நிற்கத் தெரியாதவள். அக்கா பெயரை அப்பா சொல்வதில்லை. சொல்ல வேண்டி வந்தால் வாக்கியத்தையே மாற்றிக்கொள்வார். அலமாரியில் அவளுடைய புடவைகள் இருக்கும் தட்டை "கீழ்த்தட்டு" என்பார். அந்தத் தட்டில் பூச்சி உருண்டையை யார் மாற்றிவைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. நான் மாற்றுவதில்லை.

டெய்லர் வீட்டை ஒரு படி மேலே தள்ளினால், அக்கா எங்கள் வீட்டுக்குத்தான் கூப்பிட்டாக வேண்டும். அரசாங்க உத்தரவு. அப்பா அரசாங்க உத்தரவை மீறியவரில்லை. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கடல்மட்டம் குறித்தவர் அவர். காய்ச்சல் வந்த நாளிலும் போய்க் குறித்துவிட்டு வந்து படுப்பார்.

பட்டியல் வீடு வீடாக வந்த அன்று அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து முழுவதும் படித்தார்.

"டெய்லர் வீடு நமக்கு மேலயா?"

"அளந்ததுல அப்படித்தான் வந்துச்சுப்பா."

"போன வெள்ளத்துல தண்ணி அவன் வாசப்படியத் தாண்டி உள்ள போச்சு. நம்ம வாசப்படியத் தாண்டல."

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அவர் விரல் எங்கள் வீட்டுக்கு முந்தைய வரியில் இருந்தது. 'மெக்கானிக் வீடு, 3 பேர்.' மூன்றாவது ஆள் ஒன்றரை வயதுக்காரி. அவள் பிறந்ததை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கடைசியில் பட்டியல்தான் சொன்னது.

"சரி" என்றார். பட்டியலைத் தரைவழி போனுக்கு மேலே சுவரில் ஒட்டினார். நான்கு மூலைகளிலும் ஒட்டிவிட்டு நடுவில் ஒருமுறை தடவினார்.

முதல் ஒத்திகை சனிக்கிழமை பத்து மணிக்கு. நான் அலுவலகத்தில் இருந்தேன். கடைசி வீடு அலுவலகத்துக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும். பத்து நாற்பதுக்குள் வர வேண்டிய அழைப்பு பத்து நாற்பத்துநான்குக்கு வந்தது. மதியம் தாள்களைச் சேகரித்து வந்து, சார் நேரங்களை வரிசையாக எழுதினார். எங்கள் வீட்டுத் தாளில் அவர் பேனா நின்றது.

"இங்க பாரு. பத்து பதிமூணுக்கு வந்திருக்கு, பத்து பதினேழுக்குத்தான் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கு. நாலு நிமிஷம் என்ன பேசினாங்க? ஊர்க்கதையா? தண்ணி இடுப்புக்கு வந்திருக்கும்."

"எங்க வீடு சார்."

"ஓ" என்றார். பிறகு, "உங்கப்பா கடல்மட்டம் குறிச்சவருல்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுத் தாளை எடுத்தார்.

அப்பாவிடம் கேட்கத் தைரியமில்லை. அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். குழந்தை சீப்பைப் பிடுங்கிப் பிடுங்கி வீசியது.

"என்னக்கா பேசினீங்க?"

"என்னத்தடி பேசினோம்? 'தண்ணி வருது, கிளம்புங்க'ன்னேன். 'ரெண்டு பேர். கிளம்புறோம்'னாரு. எழுதிக் குடுத்ததுதான்."

"நாலு நிமிஷம் ஆச்சே."

அவள் குழந்தையின் உச்சி வகிட்டைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

"அவர் போனை வைக்கல. நானும் வைக்கல." பிறகு, "ஹால் ஃபேன் இன்னும் அப்படியேதான் கத்துது. ஒரு சொட்டு எண்ணெய் விடமாட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். குழந்தை கையிலிருந்து சீப்பை வாங்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் டெய்லர் வீட்டைக் கடந்தாக வேண்டும். அவர் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டார்.

"வாங்க மேடம்! உங்கப்பாவுக்கே போன் வந்தப்புறம்தான் எனக்கு வருது தெரியுமா? இத்தனை வருஷமா இந்தத் தெருவுல என்னைக் குழிக்குள்ள குடியிருக்கிறவன்னுதான் கூப்பிட்டாங்க. இப்ப அரசாங்கமே எழுதிக் குடுத்திருச்சு, நான் மேட்டுக்குடி!"

சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தேன். மழைக்காலம் முழுவதும் பரணிலேயே இருக்கும் துணி மூட்டைகள் தரையில் இருந்தன. பள்ளிச் சீருடைகள், பாதி வெட்டிய ரவிக்கைகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான கட்டிலில் அவருடைய மனைவி, முறிந்த காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார்.

"அவங்களுக்கு உள்ளறையில உயரமான கட்டில்தானே?"

"அதுல ஏறி இறங்க முடியல அவளால. நாம மேட்டுலதான இருக்கோம், இதுவே போதும்னு இறக்கிட்டேன்."

வீட்டுக்குப் போகவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தேன். சார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம்.

"சார், டெய்லர் வீட்டு அளவு தப்பு."

"அப்ப மறுபடி அளந்துட்டு வா."

"அளந்தது சரிதான் சார். நான் மாத்தினேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்டார். சுவரில் இருந்த வரைபடத்தில் மூன்று வீடுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். "இது அக்கா. இது நாங்க."

"அஞ்சு சென்டிமீட்டர்ல ஒரு ஆள் போயிடலாம். தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அதான் வந்தேன்."

பையை மறுபடி எடுத்துக்கொண்டார். "முதல்ல போய் அந்த ஆள்கிட்ட சொல்லு. திங்கட்கிழமை எனக்கு விளக்கம் எழுதிக் குடு. அதுக்கப்புறம் உன்னை வச்சுக்கறதா வேண்டாமான்னு பார்க்கலாம்."

டெய்லர் முதலில் நம்பவில்லை. "ஒரே வாரத்துல அஞ்சு சென்டிமீட்டர் இறங்கிடுச்சா? பூமிக்குள்ள போய்க்கிட்டிருக்கா என் வீடு?" என்றார். நானே மாற்றியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டதும் பேச்சு நின்றுபோனது. மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தார். நான் பரணில் அடுக்கினேன். கட்டிலையும் இருவருமாக மாற்றினோம். அவர் மனைவி மட்டும், "நீ பேசாத பொண்ணுன்னு நெனச்சேன்" என்றார். பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை.

அப்பா வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன்.

"பட்டியலை மாத்தணும்பா. டெய்லர் வீடு நமக்குக் கீழதான்."

"மாத்து. தப்புன்னா மாத்தித்தான் ஆகணும்."

"மாத்தினா அவ டெய்லருக்குத்தான் கூப்பிடுவா."

அப்பா சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். "தெரியும்" என்றார். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார். தட்டில் கை வைத்தபடி, எதையோ கேட்க வாயெடுத்து, இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்டார்.

புதிய பட்டியல் புதன்கிழமை போனது. அதைத் திருத்தியதும் நான்தான். எங்கள் வீட்டுக்கு முந்தைய வரியில் இப்போது 'டெய்லர் வீடு, 2 பேர்' என்று இருந்தது. அக்காவிடம் சொன்னபோது, "சரிடி, வேலை போகாம இருந்தா சரி" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது ஒத்திகையும் சனிக்கிழமை பத்து மணிக்குத்தான். என்னைத் தெருவில் நின்று கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். அலுவலகத்தில் உட்கார வேண்டாம் என்பதை சார் அப்படிச் சொன்னார். ஒன்பதே முக்காலைத் தாண்டியிருந்தது, நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா சலவைச் சட்டை போட்டு, நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மடியில் அட்டையும் அதன்மேல் தாளுமாக உட்கார்ந்திருந்தார். டெய்லரிடமிருந்து வர வேண்டிய அழைப்பு பத்து பன்னிரண்டுக்குமேல்தான் வரும். அது அவருக்குத் தெரியும்.

ஒன்பது ஐம்பதுக்குப் போன் அடித்தது.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், எனக்குத் தெரியாது என்று. நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது மணி. மூன்றாவது மணி. அவர் பேனாவின் மூடியைத் திறந்து, அழைப்பு வந்த நேரம் என்ற கட்டத்தில் 9.50 என்று எழுதினார். நிதானமாக, துறைமுகத்தில் எழுதிய மாதிரி. பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. யாரிடமிருந்து என்ற கட்டம். அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு அக்கா பெயரின் முதல் எழுத்தைப் போட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா இடது கையை ரிசீவர்மேல் வைத்துக்கொண்டு இரண்டாவது எழுத்தை எழுதத் தொடங்கினார்.