முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே எனக்கு ஒரு கடை. ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பல்கலைக்கழகம் கேட்கிற அளவுக்கு ஒழுங்குபடுத்தி, அச்செடுத்து, பைண்ட் செய்து கொடுக்கிறேன். முப்பத்தொரு வருடமாகிறது. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளும் யாரைப் பார்த்தாலும் அவருடைய அடிக்குறிப்புகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். கெட்ட பழக்கம்.

விதிகளில் முக்கியமானது மேல் ஓரம். தாளின் மேல் விளிம்பிலிருந்து முதல் வரி வரை முப்பத்தெட்டு மில்லிமீட்டர். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆய்வேடு வாங்கும் பிரிவில் இருந்தவர் அதை எஃகு ஸ்கேலால் அளப்பார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எதுவோ, நாங்கள் மில்லிமீட்டர் என்போம். அளந்து முடித்ததும் அதே ஸ்கேலின் நுனியால் கருங்கல் மேஜையில் ணங்கென்று தட்டி, "அடுத்த ஆள்!" என்பார். ஒரு நாளைக்கு நாற்பது தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்து அறைக் கடிகாரம் ஒரு நொடி முன்னால் குதிக்கும். மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துத் திருத்துவார்கள்.

தட்டித் தட்டி ஸ்கேலின் நுனி தேய்ந்துபோனது. எஃகு தேயுமா என்று கேட்பவர்கள் அவர் தட்டிக் கேட்டதில்லை. நுனியில் இரண்டு மில்லிமீட்டர் காணாமல் போனபின், முப்பத்தாறு வைத்தால்தான் அந்த ஸ்கேல் முப்பத்தெட்டு என்று காட்டும். சரியாக முப்பத்தெட்டு வைத்தவர்களை, "நாப்பது இருக்கு, போய்க் குறைச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். நேர்மையாக அளந்து நாசமாய்ப் போனவர்கள் பலர். என் கடை ஆய்வேடு மட்டும் திரும்பி வந்ததே கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை மில்லிமீட்டருக்கு டீ வாங்கிக்கொண்டு போவேன். அவர் அதை ஆற்றிக் குடிப்பதற்குள் ஸ்கேலை ஒரு தாளில் வைத்துக் கோடு போட்டு எடுத்து வந்துவிடுவேன். என் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

என் மனைவியின் தங்கை பள்ளி ஆசிரியை. நத்தைகள் நடப்பதைப் பற்றிப் பதினோரு வருடம் ஆராய்ச்சி செய்தாள். நத்தை வேகத்திலேயே செய்தாள் என்று நான் சொல்லவில்லை, அவள் அக்கா சொன்னாள். இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. அந்தப் புதன்கிழமை ஐந்து மணிக்குள் முத்திரை விழாவிட்டால் பதிவு ரத்து, பதினோரு வருடமும் குப்பை.

மூன்று மணிக்கு ஐந்து படிகளையும் தூக்கிக்கொண்டு நானும் மச்சினியும் போனோம். மில்லிமீட்டரின் நாற்காலியில் ஓர் அம்மாள் இருந்தார். மில்லிமீட்டர் வெள்ளிக்கிழமையே ஓய்வு பெற்றுவிட்டாராம். அம்மாள் புத்தம் புது ஸ்கேல் ஒன்றை உறையிலிருந்து உருவினார்.

"முப்பத்தாறுதான் இருக்கு. ரெண்டு கம்மி. மாத்திட்டு வாங்க."

"மேடம், இன்னிக்குத்தான் கடைசி நாள்" என்றாள் மச்சினி.

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கே."

வெளியே வந்ததும் மச்சினி நின்றுவிட்டாள்.

"அத்தான், முப்பத்தெட்டுன்னு எத்தனை தடவை சொன்னேன்! தலைய ஆட்டினீங்களே!"

"தலை ஒழுங்காத்தாம்மா ஆடுச்சு. ஸ்கேல்தான் மாறிப்போச்சு."

"அக்காகிட்ட இதையே சொல்லிப் பாருங்க, தெரியும். ரெண்டே மில்லிமீட்டர்தானே, ஓடிப் போய் மாத்துங்க!"

இரண்டே மில்லிமீட்டர்தான். போன வருடம் வேறு கடையில் அச்செடுத்து வந்த ஒருவருக்கு இப்படித்தான் நகர்த்தினேன். ஒன்பதாம் பக்கத்தில் கீழே விழுந்த ஒரு வரி, போகிற வழியில் மற்ற வரிகளையும் சேர்த்துக்கொண்டு உருண்டது. கடைசியில் அவருடைய முடிவுரை பின் அட்டைக்கு வெளியே தொங்கியது. முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஐந்து படி. பைண்டிங் பசை காயவே மூன்று மணி நேரம் ஆகும்.

"லைப்ரரிக்குப் போகலாம், வா" என்றேன்.

"புத்தகம் படிக்கிற நேரமா அத்தான் இது?"

ஏற்றுக்கொண்ட ஆய்வேடுகளெல்லாம் நூலகத்தில்தான் இருக்கின்றன. வெட்டிய மரத்தின் வளையத்தைப் பார்த்து வயது சொல்வதுபோல், மேல் ஓரத்தைப் பார்த்தே அவை எந்த வருடத்தவை என்று நான் சொல்லிவிடுவேன். நூலகர் என் பழைய வாடிக்கையாளர். அரை மணி நேரத்துக்கு என்று சொல்லி நான்கை வாங்கினேன். மூன்றைக் கைக்கு வந்தபடி எடுத்தேன். நான்காவது, கரையான்களைப் பற்றியது, தேடி எடுத்தது. அம்மாளின் மேஜைப் பெயர்ப்பலகையில் முனைவர் என்று போட்டிருந்ததே, அப்போதே எனக்கு அடிக்குறிப்புகள் நினைவுக்கு வந்துவிட்டன.

திரும்பிப் போனபோது மணி நாலரை.

"மாத்திட்டீங்களா?"

"இல்லைங்க மேடம். இந்த நாலையும் ஒரு தடவை அளந்து பாருங்க. அப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க."

அளந்தார். முப்பது வருடத்துக்கு முந்தையது, முப்பத்தெட்டு. அடுத்தது முப்பத்தேழரை. போன மாதம் ஏற்றுக்கொண்டது முப்பத்தாறு. நான்காவதை எடுத்தவர் அட்டையில் தம் பெயரைப் பார்த்தார். பிறகு அளந்தார். ஸ்கேலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

"முப்பத்தேழு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி அது முப்பத்தெட்டுங்க."

"இதை யாரு டைப் பண்ணது?"

"அடியேன்தான். நூத்திநாப்பதாவது அடிக்குறிப்புல ஒரு புள்ளி விட்டுப்போச்சு. இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல."

மச்சினி என் காலை மிதித்தாள்.

ஸ்கேல் தேய்ந்த கதையைச் சொன்னேன். அம்மாள் முழுவதையும் கேட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்தார். மில்லிமீட்டர் ஒப்படைத்த பொருள்களின் பட்டியலும், அதன்மேல் துணி சுற்றிய பழைய ஸ்கேலும் இருந்தன. அதை எடுத்து நத்தைகளின்மேல் வைத்தார்.

"முப்பத்தெட்டு. சரியா இருக்கு."

ஐந்து படிகளிலும் முத்திரை விழுந்தது. மணி ஐந்தாக எட்டு நிமிடம். மச்சினி எனக்கு நன்றி சொன்னாள். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"அந்தப் புது ஸ்கேல் மேடம்?" என்றேன்.

"நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. இது இங்க இருந்தா லைப்ரரில ஒண்ணும் மிஞ்சாது, என்னோடதும் சேர்த்து."

கடையில்தான் இருக்கிறது. நீளம் போதுமாக இருப்பதால் முதுகு சொறிய வசதி.

நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே ணங்கென்று ஒரு தட்டு. "அடுத்த ஆள்!" மில்லிமீட்டரைவிடப் பலமான கை. பக்கத்து அறைக் கடிகாரம் இரண்டு நொடி குதித்தது.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக, அடுத்த ஆய்வேட்டின் மேல் ஓரத்தில் ஒரு முடியளவு குறைத்தேன்.