கடைசி பஸ்ஸில் போனவள்

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஆரணிப் பங்குச் சாமியார் களம்பூரில் பெண் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். பாக்கியமேரி, வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு உடனே வர வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு விக்கினம் வந்திருக்கிறது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் மாப்பிள்ளை பெண் பேரை ஓலையாக வாசித்து, "இவர்களுக்குள் விக்கினம் ஏதேனும் உண்டென்று அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும்" என்று கேட்பது வழக்கம். யாரும் அறிவிப்பதில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகளை அதட்டுவார்கள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். யாரோ ஒருவர் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டிருக்கிறார் என்பதே சித்தி அமலோற்பவத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இன்னா விக்கினம்? யாரு சொன்னா?"

வந்த ஆள் தலையைச் சொறிந்தார். "கேசட்டும்மா."

சித்திக்குப் புரியவில்லை. பாக்கியமேரிக்குப் புரிந்துவிட்டது.

மாப்பிள்ளை பிலவேந்திரன் ஆரணி மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். கோவில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன். போன வருஷம், எண்பத்தைந்தில், மெட்ராஸில் ஒரு சின்னக் கம்பெனிக்காரரைப் பிடித்து, தானே எழுதி மெட்டமைத்துப் பாடிய எட்டுப் பாட்டுகளைக் கேசட்டாகக் கொண்டு வந்தான். பேர், 'கடைசி பஸ்ஸுக்கு அப்புறம்'. எல்லாம் ஒரே பெண்ணைப் பற்றிய பாட்டுகள். முதல் பாட்டிலேயே அவள் மலைப்பக்கம் போகும் கடைசி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறாள். மிச்ச ஏழு பாட்டிலும் அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். பின்னால் டிரம்மும் எலெக்ட்ரிக் கிட்டாரும் அவனுக்காகக் கதறும்.

ஊர் அதைப் பலவிதமாக வரவேற்றது. "பஸ்ஸு போச்சுன்னா களம்பூர் நெல்லு லாரில தொத்திகினு போறது? இதுக்கு ஒரு கேசட்டா?" என்றார்கள் பஸ் ஸ்டாண்டில். தறி மேஸ்திரி பச்சையப்பன், தன் வீட்டுத் தறிக்கூடத்தில் அதைப் போடக் கூடாது என்று உத்தரவே போட்டார். அந்தப் பாட்டு ஓடினால் நெய்கிறவன் கால் மிதியில் நிற்கவில்லை, நாடா பாதிவழியில் தூங்குகிறது, முந்தானை முடிய ஆடி வந்துவிடும் என்பது அவர் விமரிசனம். கரண்ட் போகும்போதெல்லாம், "பிலவேந்திரன் பாட்டு எழுதிகினு கீறான்" என்று தெருவில் குரல் கேட்கும்.

மெட்ராஸ் இங்கிலீஷ் பேப்பர் ஒன்று, பாடகருக்கு ஜலதோஷம் இருந்திருக்கலாம் என்று எழுதியது. ஆனால் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை இப்படி எழுதிவிட்டது: "இது கற்பனையில் பிறந்த வலி அல்ல. இழந்தவனுக்கு மட்டுமே இந்தக் குரல் வாய்க்கும்."

அந்த வரிதான் வினை. அதைப் படித்தபிறகு, அந்தப் பெண் யார் என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. ராத்திரிக் கடைசி பஸ் படவேட்டுக்குத்தான் என்பதால் அவள் படவேட்டுக்காரி என்று முடிவானது. கேட்டவர்களிடம் பிலவேந்திரன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தூரத்தில் தெரியும் மலையைப் பார்ப்பான்.

பஸ்ஸில் சித்தி திட்டிக்கொண்டே வந்தாள். சம்பந்தம் பேசுவதற்கு வெகு முன்பே, தான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் இன்ஸ்டிட்யூட்டில் அந்தக் கேசட்டைக் கேட்டு பாக்கியமேரி அழுதிருக்கிறாள். பிறகு அந்தப் பாடகனே மாப்பிள்ளையாக வந்தபோது சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வேறு காரணத்துக்காகத் தூக்கம் வரவில்லை. ஒருத்தியை இப்படி நினைத்தவனிடம் இன்னொருத்திக்கு என்ன மிச்சம் இருக்கும்? வாழ்நாள் முழுக்க அந்தப் படவேட்டுக்காரிக்கும் சேர்த்துச் சோறு வடிக்க வேண்டியதுதானா? இன்றைக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒருத்தி இருந்தால், சாமியார் கூட்டி வைத்தாலும் தான் மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சாமியார் மேசையில் டேப் ரிக்கார்டர் இருந்தது. பிலவேந்திரன் ஜன்னலோரம் நின்றான். எதிரே ஸ்டூலில், முழங்கை வரை அரக்குச் சாயம் ஏறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சாயப்பட்டறை அடைக்கலசாமி உட்கார்ந்திருந்தான். விக்கினம் சொன்னவன் அவன்தான். விரோதி அல்ல, கேசட்டை நாடா தேயும்வரை கேட்ட முதல் ரசிகன்.

"தோத்திரம் சாமி" என்றாள் சித்தி. "இந்தக் கேசட்டக் கேட்டீங்களா நீங்க?"

"விசாரணைன்னா கேக்கத்தானே வேணும். ரெண்டு பக்கமும் ரெண்டு தடவை கேட்டேன்."

"ரெண்டு தடவையும் விசாரணைக்கா?"

சாமியார் கண்ணாடியைத் துடைத்தார். "முதல் தடவை விசாரணைக்கு."

அடைக்கலசாமி எழுந்தான். "கோச்சுக்காதம்மா, உன்மேல ஒண்ணும் இல்ல. நாலாவது பாட்டுல, உனக்கே வாக்குக் குடுத்தேன்னு அண்ணன் தன் வாயாலயே பாடிகிறாரு. ஒருத்திக்கு வாக்குக் குடுத்துட்டு இன்னொருத்தியக் கட்டலாமா? அந்தப் பொண்ணு எங்கியோ அழுதுகினு கீது. அது பக்கம் பேச ஆளு வேணாமா? நான் படவேட்டுக்கே போய்த் தேடிட்டேன்."

"கெடச்சாளா?" சித்தியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்க! பொண்ணாப் பாத்து விசாரிச்சா, எங்கூர்ல பஸ்ஸே ஒழுங்கா வராது, அதுல ஏறி எங்கள வேற தேடறியான்னு திட்டறாங்க. பேஜாரா பூட்ச்சு."

சாமியார் திரும்பினார். "பிலவேந்திரா, கோவிலுக்குப் பக்கத்துல நின்னுகிட்டு சொல்லு. இந்தப் பொண்ணு யாரு?"

'யாரும் இல்லை' என்று பிலவேந்திரன் சொல்லிவிட்டால் கல்யாணம் நடக்கும். கூடவே அந்தப் பத்திரிகை வரியும் பொய்யாகிவிடும். அவனைப் பற்றி இதுவரை யாரும் எழுதிய ஒரே நல்ல வரி அது. பாக்கியமேரியை ஒருமுறை பார்த்தான்.

"அப்படி யாரும் இல்ல சாமி."

ஒருவரும் நம்பவில்லை. அவன் குரல் அப்படி. சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டாலும், யாரையோ பறிகொடுத்தவன் மாதிரிதான் கேட்பான்.

"பாத்தீங்களா சாமி, எப்படி மறைக்கிறாரு!" என்று அடைக்கலசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணோரம் அரக்கு ஒட்டியது.

"எனக்கு ஒரு தடவை முழுசாப் போடுங்க ஃபாதர்" என்றாள் பாக்கியமேரி.

போட்டார். இன்ஸ்டிட்யூட்டில் கேட்டபோது, அந்தப் பெண் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு கேட்டாள். இப்போது அவளைப் பெண் பார்க்கப் போன நாத்தனார் மாதிரி கேட்டாள். முதல் பக்கம் முடியும்போது அவள் முகம் இறுகியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் புருவம் ஏறியது. கடைசிப் பாட்டில் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஃபாதர், இவ யாரும் இல்ல."

"எப்படிம்மா சொல்றே?"

"எட்டுப் பாட்டுல ஒரு வார்த்தை பேசறாளா? மழையில நிக்கிறா, ஒரு தும்மல் இல்ல. இவரு லேட்டா வராரு, ஏன் இவ்ளோ நேரம்னு ஒரு கேள்வி இல்ல. கண்ணு இருக்கு, கூந்தல் இருக்கு, கொலுசு இருக்கு. வாய் மட்டும் இல்ல. இந்த ஜில்லாவுல அப்படி ஒரு பொண்ண நான் பாத்ததில்ல."

"எங்க வகையறாவுல கெடையவே கெடையாது சாமி" என்று சித்தி சாட்சி சொன்னாள்.

பிலவேந்திரன் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆறாவது பாட்டுல சிரிக்கிறாளே!"

"எதுக்குச் சிரிக்கிறா? நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"பின்னே?"

"மெட்டு அங்க கொஞ்சம் நீளம். ஒரு வார்த்தை கொறஞ்சுது. அதான் சிரிக்க..." என்றவன் அங்கேயே நின்றுவிட்டான்.

சாமியார் சத்தம் போட்டுச் சிரித்தார். பாவத்தை ஒப்புக்கொள்ள வருகிறவர்களிடம்கூட இதைவிட நல்ல பாவசங்கீர்த்தனம் அவர் கேட்டதில்லை.

அடைக்கலசாமி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நான் அழுததெல்லாம்?" என்றான் மெல்ல.

பாக்கியமேரி அவன் பக்கம் திரும்பினாள். "நானும் அழுதேண்ணா. ஆளு பொய்யா இருந்தா இன்னா, அழுகை வந்துது இல்ல?"

ஜன்னலோரத்தில் நின்றவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"சரி, எனக்கு விக்கினம் ஒண்ணும் தெரியல" என்றார் சாமியார். "உனக்கு ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணே ஒண்ணு. இவருக்குப் பேசாத பொண்ணுதான் பிடிக்கும்னா இப்பவே சொல்லிடட்டும். நான் பேசுவேன்."

அறையில் எல்லாரும் பிலவேந்திரனைப் பார்த்தார்கள். எட்டுப் பாட்டு எழுதியவனுக்கு ஒரு வாக்கியம் அமைய நேரமானது.

"இவ்ளோ நேரம் என் பாட்டைக் கிழிச்சீங்க" என்றான். "கோவமாத்தான் இருக்கு. ஆனா பேசறத நிறுத்திடுவீங்களோன்னு பயமாவும் இருந்துது."

பாக்கியமேரி தலையைக் குனிந்துகொண்டாள். "வர ஞாயிறு மூணாவது ஓலையை வாசிச்சிடுங்க ஃபாதர்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

பஸ் ஏற்றிவிட அவனும் வந்தான். சித்தி பெரிய மனசு பண்ணி முன்னால் போய் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். பாக்கியமேரி ஜன்னலோரம் உட்கார, அவன் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எந்தப் பாட்டுல அழுதீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். "மூணாவது பாட்டு. பஸ்ஸு போனதுக்கப்புறம், அவ உக்காந்த பெஞ்சுல மழைத்தண்ணி தேங்கி, ஒரு நாய் வந்து குடிக்குமே... அங்க."

பஸ் நகர்ந்தது. அவன் கூடவே நடந்தான். "அது நான் பார்த்தது" என்றான். "அது மட்டும் நெஜமாவே பார்த்தது."

"தெரியுது" என்றாள் பாக்கியமேரி.